அனுபவப் பகிர்வு: உங்கள் ஆய்வைத் திருப்பிப்போட்ட பிள்ளை யார்?

எழுத்தறிவுக் கல்வியில் ஆய்வு, ஆசிரியர் பயிற்சி என்று இருப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம். பேசுவதெல்லாம் கைடு (ஆய்வு வழிகாட்டி), கருத்தரங்கு, கட்டுரை பற்றித்தான். எட்டு வயதுப் பிள்ளையிடம் வசமாக மாட்டிக்கொண்ட கதை இருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் வைக்கிறேன்.

ஆறு வருடம் மூன்றாம் வகுப்பு எடுத்துவிட்டுத்தான் பிஎச்.டி.க்குப் போனேன். வெவ்வேறு பின்னணிப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் வகுப்பில் வாசிப்பு எப்படி வளர்கிறது என்பது என் தலைப்பு. கையில் இருந்த கருவி ரன்னிங் ரெக்கார்டு, நியூசிலாந்தின் வாசிப்பு ஆய்வாளர் மேரி கிளே உருவாக்கியது. பிள்ளை சத்தமாக வாசிக்கும். நாம் பக்கத்தில் உட்கார்ந்து, சரியாக வாசித்த சொல்லுக்கெல்லாம் ஒரு டிக் போடுவோம்; மாற்றி வாசித்தால் அதை அப்படியே எழுதிக்கொள்வோம். நூற்றுக்கு 95 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்தப் பகுதி அந்தப் பிள்ளைக்கு எளிது. 90 முதல் 94 வரை என்றால் ஆசிரியர் துணையோடு வாசிக்கலாம். 90க்குக் கீழே போனால் கடினம்.

ஒரு பையன் 100 சொல் பகுதியில் 12 சொற்களை மாற்றி வாசித்தான். 88. ‘கடினம்’ என்று எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். ராத்திரி ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டபோதுதான் உறைத்தது. புத்தகத்தில் ‘அவர்கள் வந்தார்கள்’ என்று இருக்கிறது, அவன் ‘அவங்க வந்தாங்க’ என்கிறான். ‘வீட்டிற்குச் சென்றாள்’ என்ற இடத்தில், கொஞ்சமும் தடுமாறாமல், ‘வூட்டுக்குப் போனா’. இதில் ‘போனா’வைப் பிழை என்று சொல்ல விதியில் இடமுண்டுதான். ஆனால் படித்தது புரியாத ஒருவன் ‘சென்றாள்’ என்பதைப் ‘போனா’ என்று எப்படி மாற்றுவான்? கண் எழுத்துத் தமிழில் ஓடுகிறது, வாய் வீட்டுத் தமிழில் பேசுகிறது. 12இல் 9 இந்த மாதிரி. அவற்றை எடுத்துவிட்டால் 97.

வட்டார உச்சரிப்பைப் பிழைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று இந்த முறையைக் கற்றுத்தரும்போதே சொல்லிவிடுவார்கள். பரீட்சையில் அதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். பிள்ளை எதிரில் உட்கார்ந்தபோது கை தானாகப் பிழை என்று குறித்துவிட்டது.

அமெரிக்க வாசிப்பு ஆய்வாளர் கென் குட்மன் 1960களிலேயே ‘பிழை’ என்ற சொல்லை ஒதுக்கிவிட்டு, புத்தகத்தில் இருப்பதை மாற்றி வாசிப்பதை ‘மிஸ்க்யூ’ என்றார். வாசிப்பையே, சூழலை வைத்துச் சொல்லை ஊகிக்கும் விளையாட்டு என்று அவர் நீட்டிக்கொண்டு போனதைப் பின்னால் வந்த ஆய்வுகள் ஏற்கவில்லை. எனக்கும் அதில் உடன்பாடு கிடையாது. எழுத்தையும் ஒலியையும் நேராகச் சொல்லித்தரத்தான் வேண்டும். ஆனால் மாற்றி வாசித்த சொல்லைப் பார்த்தால் பிள்ளையின் மனம் எந்த வழியில் போனது என்று தெரியும் என்றாரே, அந்த ஒன்றுக்காக அவரை விட மாட்டேன்.

64 பதிவுகளையும் திரும்பக் கேட்டேன். ஆய்வேட்டுக்கு முன்னால் தரவேண்டிய சுருக்கம்தான் சினாப்சிஸ். “சினாப்சிஸ் கொடுக்கிற நேரத்தில் இதென்னம்மா?” என்றார் கைடு. ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போனது.

*

மேலே எழுதிய மேடத்துக்கு வணக்கம். நான் ஆராய்ச்சிப் பக்கம் போனதில்லை, 14 வருடமாக வகுப்பில் நிற்பவள். ஒரு வருடம் என் வகுப்பில் 31 பிள்ளைகள், வீட்டில் பேசும் மொழி மட்டும் ஐந்து. அதில் ஒரு பெண் ஜூலையில் சேர்ந்து டிசம்பர் வரை வாயே திறக்கவில்லை. ‘பின்தங்கிய மாணவி’ என்று பதிவேட்டில் எழுதியது நான்தான். புது மொழிக்குள் வரும் பிள்ளை சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது சகஜம் என்று பயிற்சியில் படித்திருந்தேன். இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் சொல்கிற கணக்கும் தெரியும்: விளையாட, பேசப் பழக ஏறக்குறைய இரண்டு வருடம், பாடமொழி பிடிபட ஐந்திலிருந்து ஏழு வருடம். நான் கொடுத்தது ஐந்து மாதம்!

சரி, வீட்டுக்கே போய்ப் பார்ப்போம் என்று ஒரு நாள் போனேன். அம்மா தையல்காரர். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு. அதில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரி, தோள், மார்பு, இடுப்பு, நீளம் என்று. அம்மா துணியை விரித்துக் கத்தரி பிடிக்க, இந்தப் பெண் நோட்டைப் பார்த்துப் படபடவென்று வாசித்துக் கொடுக்கிறாள். இரண்டு இடத்தில் அம்மாவின் எழுத்து புரியாமல் நிறுத்தி, முந்தின பக்கத்தைப் புரட்டி ஒப்பிட்டுச் சரிபார்த்தாள். என் வகுப்பில் அகராதி கொடுத்தாலும் யாரும் இப்படிப் புரட்ட மாட்டார்கள்.

கல்வி ஆய்வாளர் லூயிஸ் மோல் குழுவினர் அமெரிக்காவின் டூசான் நகரில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களின் வீடுகளுக்கு ஆசிரியர்களையே ஆய்வாளர்களாக அனுப்பிப் பார்த்து, 1992இல் எழுதியது இதைத்தான். வீட்டில் இல்லாததைப் பட்டியல் போடாமல், இருக்கும் அறிவைப் பார் என்றார்கள். அந்த நோட்டை இரவல் வாங்கிவந்து, பெயர்களை மறைத்துவிட்டு, அளவுப் பாடத்தை அவளையே நடத்தச் சொன்னேன். வகுப்பில் அவள் பேசிய முதல் சொல் “முப்பத்தாறரை”.

இதற்கு ஒரு வாலும் உண்டு. அடுத்த வருடம் வீட்டுக்குப் போவதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். கையில் 14 கட்டம் போட்ட படிவம்: பெற்றோர் படிப்பு, வருமானம், வீட்டில் புத்தகம் உண்டா இல்லையா. நோட்டைப் பற்றிக் கேட்க ஒரு கட்டம்கூட இல்லை. படிவத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

*

என் கதை கொஞ்சம் அசட்டுத்தனமானது. பி.எட். மாணவர்களுக்குச் சிறுவர் இலக்கியம் எடுக்கிறேன். பிள்ளைகள் தங்களைப் போன்றவர்களைப் புத்தகத்தில் பார்க்க வேண்டும் என்பதில் தீவிரமாக இருந்த காலம். ஒரு வகுப்பு நூலகத்துக்கு இரண்டு மாதம் அலைந்து, அங்கே படிக்கும் ஒவ்வொரு பின்னணிக்கும் பொருத்தமாகப் புத்தகம் சேர்த்தேன். ஒரு சின்னப் பெண்ணிடம் அவள் வீடு மாதிரியே ஒரு வீடு வரும் கதையைப் பெருமையாக நீட்டினேன். ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் திமிங்கிலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். “இதில் உன் வீடு மாதிரியே வருதே” என்றேன்.

“எங்க வீடு எனக்குத் தெரியும் சார். திமிங்கிலம்தான் தெரியாது.”

அமெரிக்கச் சிறுவர் இலக்கிய அறிஞர் ரூடின் சிம்ஸ் பிஷப் 1990இல் புத்தகங்களை நம்மையே காட்டும் கண்ணாடி என்றதோடு, பிறர் உலகைக் காட்டும் ஜன்னல் என்றும், நுழைந்து போகும் கண்ணாடிக் கதவு என்றும் சொல்லியிருந்தார். நான் அந்தக் கட்டுரையிலிருந்து முகம் பார்க்கிற கண்ணாடியை மட்டும் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். அதற்காக அந்த அலமாரியை எடுத்துவிடவில்லை. அவளே மூன்று வாரம் கழித்து அந்தக் கதையை எடுத்துப் போனாள், நான் அங்கே இல்லாத ஒரு நாளில். பதிவேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

*

முதலில் எழுதியவள்தான், மறுபடியும். “இந்தத் துறையில் பிஎச்.டி. செய்யலாமா?” என்று தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். செய்யலாம். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது ஒரு வகுப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது வருடத்தில் பிள்ளைகள் அட்டவணையில் எண்ணாகிவிடுவார்கள். பெற்றோர் கையெழுத்து வாங்குவதோடு பிள்ளையிடமும் கேளுங்கள். “பதிவு வேண்டாம்” என்று சொன்னால் விட்டுவிடுங்கள். கட்டுரை திரும்பி வரும், இரண்டு மூன்று தடவைகூட வரும். பழகிவிடும்.

அந்தப் பையனின் பதிவை, அவன் வீட்டாரின் அனுமதியோடு, இன்னமும் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் பயிற்சி மாணவர்களுக்கு எதுவும் சொல்லாமல் போட்டுக்காட்டி மதிப்பெண் போடச் சொல்வேன். பெரும்பாலும் 87, 88 என்றுதான் தாள் வரும். இந்த வருடம் 40 பேரில் இரண்டு பேர் மதிப்பெண் போடும் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்கள்: “மேடம், இவன் வீட்டில் எப்படிப் பேசுவான்?”