மொரீசியஸில் வேலை கிடைத்தால் வாழ்க்கை எளிமையாகிவிடுமா?

கத்ர்போர்ன் கோவைக்காரன் எழுதியது:

சென்ற வாரம் இங்கே ஓர் அன்பர், மொரீசியஸில் தமக்குக் கிடைத்திருக்கும் வேலையை ஏற்கலாமா, சம்பளம் சென்னையில் வாங்குவதைவிடப் பெரிதாக இல்லையே என்று கேட்டிருந்தார். சம்பளத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று சொல்வதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

நான் இங்கே எபேன் என்னும் அலுவலகப் பகுதியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். சென்னையில் இருந்தபோது பழைய மகாபலிபுரம் சாலையில் குடியிருக்க ஒரு வீடு, முதலீட்டுக்கென்று கேளம்பாக்கத்தில் இன்னொரு வீடு, இரண்டுக்கும் தவணை, காருக்கும் தவணை, அந்தத் தவணைகளைக் கட்டுவதற்காகவே விடமுடியாத ஒரு வேலை என்றுதான் காலம் போயிற்று. இங்கே வந்த பிறகு கார் வாங்கவில்லை. லார்சன் அண்ட் டூப்ரோ கட்டிக்கொடுத்த மெட்ரோ 2022இல் தலைநகர் போர்ட் லூயியிலிருந்து கியூர்ப்பிப் நகர் வரை ஓடத் தொடங்கியது, 2023இல் ரோஸ் ஹில்லிலிருந்து எபேன் வழியாக ரெதுய்க்கு ஒரு கிளையும் வந்துவிட்டது. ரோஸ் ஹில்லில் இறங்கி வண்டி மாறினால் அலுவலகம். குடியிருப்பது இரண்டு அறை வாடகை வீடு. வாரத்துக்கு 45 மணி நேர வேலை என்று சட்டம் சொல்கிறது, எங்கள் அலுவலகமும் அதைப் பெரும்பாலும் மதிக்கிறது. கடைவீதி மாலையிலேயே அடங்கிவிடும். வியாழன் பிற்பகலிலும் ஞாயிறு பிற்பகலிலும் பாதிக் கதவுகள் சாத்தியிருக்கும். வாங்கவேண்டும் என்று தோன்றும் நேரத்தில் கடை மூடியிருந்தால், மறுநாள் அந்தப் பொருள் நினைவிலேயே இருப்பதில்லை.

இந்த மாற்றத்தைச் சென்னையிலேயே செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முயன்றேன், நடக்கவில்லை. சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் ஓடும்போது ஒருவன் மட்டும் நடப்பது எளிதன்று. ஊரை மாற்றுவதே பழக்கத்தை மாற்ற நேரான வழி என்பது என் வாதம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

ரோஸ்ஹில் ஆசிரியை எழுதியது:

ஐயா, மறுப்பு இருக்கிறது, சற்று நீளமாகவே இருக்கிறது. நான் இந்தத் தீவிலேயே பிறந்தவள். பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். உங்களுக்கு நிம்மதி தரும் அதே ஞாயிற்றுக்கிழமையைப் பொறுக்கமுடியாமல் எங்கள் பிள்ளைகள் சொகுசுக் கப்பல்களில் வேலைக்குப் போகிறார்கள், கனடாவுக்குப் போகிறார்கள். அவர்கள் விட்டுச்சென்ற இடங்களுக்கு, ரொட்டி சுடும் அடுப்படி உட்பட, வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வாழ்க்கையை எளிமையாக்கும் குணம் இந்த மண்ணுக்கு இருக்குமானால் அது முதலில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள்மீது வேலை செய்திருக்க வேண்டும்.

நீங்கள் கார் வாங்கவில்லை. ஆனால் 12 லட்சத்துச் சொச்சம் மக்கள் உள்ள இந்த நாட்டில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் பதிவாகியிருக்கின்றன. போட்டியும் கௌரவமும் இங்கேயும் உண்டு. பள்ளி விட்டதும் பிள்ளைகளைத் தனிப்பயிற்சிக்கு அனுப்பாத பெற்றோரை நான் அரிதாகத்தான் பார்க்கிறேன். ஏழு கறி போட்டு வாழையிலையில் ஊருக்கே விருந்து வைக்காமல் எங்களில் எத்தனை பேர் கல்யாணத்தை முடிக்கிறோம்? நீங்கள் இந்தப் போட்டிக்கு வெளியே நிற்பதற்குக் காரணம், உங்களை யாரும் அதில் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதுதான்.

இனி, பணத்தைப் பற்றி. 2020 இறுதியில் அரசு பிரீமியம் விசா என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்துகொண்டே இங்கே வந்து தங்க விரும்புகிறவர் மாதம் 1,500 அமெரிக்க டாலர் வருமானம் காட்டினால் போதும் என்றார்கள். 2024 ஜனவரியில் எங்கள் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 16,500 மொரீசியஸ் ரூபாயாக உயர்ந்தது. அந்த உயர்ந்த ஊதியத்தைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு அந்த 1,500 டாலர். அதோடு, அந்நியருக்கென்று ஒதுக்கிய திட்டங்களில் 3,75,000 டாலர் கொடுத்து வீடு வாங்கினால் குடியிருப்பு உரிமையும் சேர்ந்து கிடைக்கிறது. மேற்குக் கடற்கரையில் தமரின் ஊர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். எளிய வாழ்க்கை தேடி வந்தவர்கள் மதில் எழுப்பிய குடியிருப்புகளில் இருக்கிறார்கள். அந்த ஊரில் பிறந்தவனுக்கு அங்கே மனை வாங்க வக்கில்லை.

எளிமையைப் புகழ்கிறவர்கள் 2020 மார்ச்சை ஒருமுறை நினைத்துப் பார்க்கவேண்டும். ஊரடங்கில் பல்பொருள் அங்காடிகளையே அடைத்துவிட்டார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் திறந்தபோது, குடும்பப்பெயரின் முதலெழுத்தை வைத்து ஆளுக்கு வாரத்தில் இரண்டு நாள், உள்ளே அரை மணி நேரம் என்று முறை வைத்தார்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வெயிலில் வரிசையில் நின்று, உள்ளே போனதும் பால்மாவா பருப்பா எதை முதலில் எடுப்பது என்று ஓடினோம். அரிசி, கோதுமை, பருப்பு, எண்ணெய், பால்மா எல்லாமே கப்பலில் வருகிற நாடு இது. கப்பல் ஒழுங்காக வரும்வரைக்கும்தான் உங்கள் எளிமை.

கத்ர்போர்ன் கோவைக்காரன் எழுதியது:

டீச்சர், நீங்கள் சொன்ன பலவற்றை நான் மறுக்கப்போவதில்லை. ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்கவேண்டும். தமரினில் மாளிகை வாங்கும் கூட்டத்தில் நான் இல்லை. மொரீசியஸ் ரூபாயில் சம்பளம் வாங்கி மொரீசியஸ் ரூபாயில் செலவு செய்கிறவன். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கும் அதே ரேஷன் அரிசியையும் சந்தைக் காய்கறியையும்தான் நானும் வாங்குகிறேன்.

போட்டியில் என்னை யாரும் சேர்க்கவில்லை என்றீர்களே, அது முழு உண்மை. என் வாதமே அதுதான். ஊரில் இருந்தால் ஆவணியிலும் தையிலும் எத்தனை கல்யாணம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மொய், யாருக்குத் தங்கம், யாருக்கு வெள்ளி என்று நோட்டுப் போட்டுக் கணக்கு வைக்கவேண்டும். போகாவிட்டால் பேச்சு. இங்கிருந்து வாழ்த்து அனுப்பினால் ‘பாவம், வெளிநாட்டில் இருக்கிறான்’ என்று அவர்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். அந்நியனாக இருப்பது ஒரு வசதி. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்வதில் என்ன தவறு?

கார் இல்லாததற்கு இன்னொரு நன்மையும் உண்டு. 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயி தெருவெள்ளத்தில் கார்கள் மிதந்த காணொளியை வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். இழக்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

திருப்பூர் பனியன் எழுதியது:

அண்ணனுக்கும் டீச்சருக்கும் வணக்கம். நான் இங்கே ஒரு பின்னலாடை ஆலையில் தையல் பிரிவு மேற்பார்வையாளர். எளிய வாழ்க்கை என்றால் எங்கள் விடுதியைவிட எளிமையான இடம் இந்தத் தீவில் இருக்காது. ஓர் அறையில் எட்டுப் பேர், மேலும் கீழுமாக இரும்புக் கட்டில். கட்டிலுக்கு அடியில் ஆளுக்கொரு டிரங்குப் பெட்டி. சமையலறையில் அடுப்புக்கு முறை வைத்திருக்கிறோம். என் முறை இரவு ஒன்பதரைக்கு வரும்; முன்னால் சமைக்கும் வங்கதேசத்துத் தம்பி மீன் பொரித்த எண்ணெய் வாடை போவதற்குள் என் ரசம் கொதித்துவிடும். எனக்குச் சொந்தமாக இருப்பது நான்கு சட்டை, ஒரு குக்கர், ஒரு செல்பேசி.

இதை நான் விரும்பி ஏற்றேனா என்றால், ஒருவகையில் ஆம். அண்ணன் சொல்லும் 45 மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. மேல்நேரம் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினோம். முகவருக்குக் கொடுத்த கடன் அடைந்தபிறகு அனுப்பும் பணத்தில் ஊரில் மாடி கட்டுகிறார்கள். நான் இங்கே ரசமும் அப்பளமுமாக இருப்பதால் அங்கே கிரானைட் தரை வருகிறது, தம்பிக்குப் புல்லட் வருகிறது. எங்கள் ஆலையில் இருக்கும் ஊர்க்காரர்கள் எல்லோரையும் எண்ணிப் பார்த்துவிட்டேன், ஒருவர் வீட்டிலும் ஆடம்பரம் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது. ஆகவே வெளிநாட்டு வேலை எளிமைக்கு வழி என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. அண்ணனிடம் ஒரு கேள்வி: கேளம்பாக்கத்து வீட்டை விற்றுவிட்டீர்களா?

முருங்கை வேலி எழுதியது:

இதுவரை எழுதியவர்கள் யாரும் சமையலறையின் மற்றொரு பக்கத்தைச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். கணவரின் வேலைக்காக வந்தவள் நான். சென்னையில் வங்கியில் இருந்தேன். இங்கே வாடிக்கையாளரோடு பேசுவதற்கு, ஊர்மக்கள் பேசும் கிரியோலும் பிரெஞ்சும் வேண்டும். எனக்கு இரண்டும் தெரியாது. கற்றுக்கொண்டிருக்கிறேன், ஆனால் வேலை கிடைக்கும் அளவுக்கு வரவில்லை.

எங்கள் வீட்டிலும் கார் இல்லை, வெளிச்சாப்பாடு குறைவு, பின்வாசலில் முருங்கை, பசலை, பச்சை மிளகாய் வைத்திருக்கிறோம். பார்ப்பவர்கள் அழகான வாழ்க்கை என்கிறார்கள். ஈரமாவு பாக்கெட் தெருமுனையில் கிடைக்காத ஊரில் இட்லிக்கு அரைப்பது யார்? கியூர்ப்பிப் பக்கத்துக் குளிரில் மாவு புளிக்காமல் போனால், மின்விளக்கு எரியும் அலமாரிக்குள் பாத்திரத்தை வைத்துக் காத்திருப்பது யார்? மழைக்கு முந்தைய வறண்ட மாதங்களில் குழாயில் சில மணி நேரமே தண்ணீர் வரும்; அது வரும் நேரத்தில் வீட்டில் இருந்து, மாடித் தொட்டி நிரம்புகிறதா என்று பார்ப்பது யார்? மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை வந்தால் பேருந்து நின்றுவிடும், எல்லோரும் வீட்டுக்குள் இருப்போம். அதற்கு முன்பே மெழுகுவத்தி, தீப்பெட்டி, ரொட்டி, டப்பா மீன் எல்லாவற்றையும் சேர்த்து, எல்லா வாளிகளிலும் தண்ணீர் பிடித்து வைத்திருக்கவேண்டும். பணம் கொடுத்து வாங்கிய வசதிகளை நீக்கினால் அந்த வேலை மறைந்துவிடாது, வீட்டில் ஒருவர் கைக்கு வந்து சேரும்.

இதனால் நான் திரும்பிப் போகவேண்டும் என்று சொல்கிறேனா? இல்லை. இங்கே என் மகன் மாலையில் தெருவில் விளையாடுகிறான், அது எனக்குப் பெரிது. ஆனால் ‘நாங்கள் எளிமையாக வாழ்கிறோம்’ என்று என் கணவர் விருந்தினரிடம் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

ரெயூனியன் புதுவைக்காரர் எழுதியது:

அடுத்த தீவிலிருந்து, பிரான்ஸின் பகுதியான ரெயூனியனிலிருந்து, ஒரு வார்த்தை. பிரெஞ்சுக் குடியுரிமை இருப்பதால் புதுச்சேரியிலிருந்து இங்கே வந்து குடியேறிய குடும்பம் எங்களுடையது. பிரெஞ்சுப் புள்ளிவிவர நிறுவனத்தின் கணக்குப்படி, 2022இல் ரெயூனியனில் உணவுப் பொருள் விலை பிரான்ஸைவிட 37 விழுக்காடு அதிகமாக இருந்தது. 2018 நவம்பரில், விலைவாசியை எதிர்த்துப் போராடிய மஞ்சள் அங்கிக்காரர்கள் சாலைகளை மறித்தபோது கடையடுக்குகள் காலியானதையும் பார்த்தோம். தீவு என்றாலே எளிமை என்று நினைப்பவர்கள் ஒருமுறை இங்கே வந்து வார மளிகைக்குப் பணம் கட்டிப் பார்க்கட்டும்.

கத்ர்போர்ன் கோவைக்காரன் எழுதியது:

தம்பி கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். குடியிருந்த வீட்டை விற்றுக் கடனை அடைத்தேன், காரையும் விற்றேன். கேளம்பாக்கத்து வீட்டை விற்கவில்லை. வாடகைக்கு விட்டிருக்கிறேன், வாடகை போகத் தவணையில் மிச்சத்தை இங்கிருந்து அனுப்புகிறேன். என் வேலை அனுமதி ஒப்பந்தத்தோடு கட்டுண்டது. நாளை நிறுவனம் கணக்குப் பிரிவை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டால் நான் திரும்பிப் போக ஓர் இடம் வேண்டும். காப்பு வைத்துக்கொண்டு எளிமையாக வாழ்வது போலி என்றால், காப்பு இல்லாதவன் வாழ்வதற்குப் பெயர் வறுமை. நடுவில் ஓர் இடம் இருக்கிறது என்றுதான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முருங்கை வேலி சகோதரி எழுதியதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவர் சொன்ன பதிலை இங்கே எழுதும் உத்தேசம் எனக்கு இல்லை.

ரோஸ்ஹில் ஆசிரியை எழுதியது:

எழுதியிருந்தால் இழை இன்னும் சுவையாக இருந்திருக்கும்.

நடுவில் இடம் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கிறது, ஐயா, ஆனால் அது மொரீசியஸில் இல்லை, உங்கள் ஒப்பந்தக் காலத்தில் இருக்கிறது. உங்களுக்கு இங்கே முதுமை கிடையாது, மகளுக்குக் கல்யாணம் செய்துவைக்கும் கடமை கிடையாது, பெற்றோரை மருத்துவமனை வரிசையில் உட்காரவைக்கும் நாள் கிடையாது. எங்கள் நாட்டில் பெரியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. என் அம்மாவும் அவர்களில் ஒருவர். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம்தான், ஆனால் அதற்காகப் போகும் காலைப்பொழுதுகளை யாராவது ஒருவர் கொடுக்கவேண்டும். உங்கள் அம்மாவுக்கு அந்தக் காலைப்பொழுதைக் கோவையில் யாரோ கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தம்பியின் வீட்டில் கிரானைட்டாகத் தெரிவது உங்கள் வீட்டில் அந்தக் காலைப்பொழுதின் வடிவத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். வாழ்க்கையைக் குறைத்துக்கொள்ள இங்கே வழி இல்லை என்று நான் சொல்லவரவில்லை. தைப்பூசக் காவடிக்குப் பத்து நாள் விரதம் இருக்கும் வீடுகளில், வருமானம் எதுவாக இருந்தாலும் கவிச்சியும் கேளிக்கையும் தாமாகவே நின்றுவிடுகின்றன. அதற்கு யாரும் விமானம் ஏறவேண்டியதில்லை.

கத்ர்போர்ன் கோவைக்காரன் எழுதியது:

அம்மாவை என் அக்கா பார்த்துக்கொள்கிறார். அதை நான் மறைக்கவில்லை, ஆனால் இந்தக் கணக்கில் எழுதவும் இல்லை. பத்து நாள் விரதத்துக்கும் வருடம் முழுவதும் தவணை இல்லாமல் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பதில் மட்டும் நான் மாறமாட்டேன்.

முருங்கை வேலி எழுதியது:

வேலையை ஏற்கலாமா என்று முதலில் கேட்ட அன்பருக்கு: கையெழுத்துப் போடுமுன் உங்கள் மனைவிக்கு இங்கே எந்த மொழியில் எந்த வேலை கிடைக்கும் என்று இருவரும் சேர்ந்து விசாரித்துக்கொள்ளுங்கள். ஆண்டு இறுதி போனஸ் சட்டப்படி உண்டு, ஆனால் திரும்பிப் போகும் விமானச் சீட்டு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். வாடகைக்கு வீடு பார்க்கும்போது கடற்காட்சியைப் பார்க்காமல், மாடித் தொட்டியும் மோட்டாரும் இருக்கிறதா என்று பாருங்கள். இட்லிப் பானை கொண்டுவாருங்கள்.

திருப்பூர் பனியன் எழுதியது:

கிரைண்டரும்தான், அக்கா. இங்கேயும் 230 வோல்ட்தான், ஊரில் வாங்கியது அப்படியே ஓடும். பிளக்குக்கு மட்டும் ஓர் அடாப்டர் வேண்டும்.