சொந்தங்கள் குழுவில் கவினின் மீன் தொட்டி

சனிக்கிழமை

சுமதி (கிருஷ்ணகிரி): ரேவதி, இருக்கிறாயா? கவின் பிறந்தநாளுக்குப் புதிதாக வாங்கிய மீன் தொட்டியில் காலையில் ஒரு கப்பி செத்து மிதந்தது. மற்றதெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. தண்ணீர் பால் கலந்த மாதிரி இருக்கிறது. கடையில் கேட்டால் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டு, ஃபில்டரைத் தேய்த்துக் கழுவிப் போடச் சொல்கிறார்கள். பையன் அழுதுகொண்டே இருக்கிறான்.

ரேவதி (தருமபுரி): அக்கா, ஃபில்டரைக் கழுவாதே. அதில் கையே வைக்காதே. தொட்டி என்ன அளவு? என்னென்ன மீன், எத்தனை?

சுமதி: நீளம் 1 அடி, அகலமும் உயரமும் முக்கால் அடி. கோல்டு ஃபிஷ் 2, கப்பி 5, கறுப்பு மோலி 2, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே இருக்குமே, அது 1.

ரேவதி: கல்லெல்லாம் போக அதில் 12 லிட்டர் தண்ணீர் நின்றாலே அதிகம். 10 மீன் தாங்காது. கோல்டு ஃபிஷ் வளர்ந்தால் அரை அடியைத் தாண்டும், கழிவும் நிறையப் போடும்.

ரேவதி: தண்ணீர் வெள்ளையாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே, அது நுண்ணுயிர்கள் திடீரென்று பெருகுவது, தானாகத் தெளியும். மீனைக் கொல்வது கண்ணுக்குத் தெரியாத அம்மோனியா. மீனின் செவுள் வழியாகவே அது வெளியே வந்துகொண்டிருக்கும். மிஞ்சிய தீனி அழுகினாலும் வரும். சில வாரம் ஓடிப் பழகிய தொட்டியில் ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை, வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். இந்த நுண்ணுயிர்கள் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வளர 4 முதல் 6 வாரம் ஆகும். ஸ்பாஞ்சைத் தேய்த்துக் கழுவினால் இதுவரை வளர்ந்த கொஞ்சமும் போய்விடும். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

முருகேசன் (காவேரிப்பட்டணம்): எங்கள் பண்ணைக்குட்டையிலும் விடியற்காலையில் ரோகு இப்படித்தான் மேலே வந்து வாய் பிளக்கும். தண்ணீர் பாய்ச்சினால் சரியாகிவிடும்.

ரேவதி: அண்ணா, குட்டையில் ராத்திரி ஆக்சிஜன் குறைந்துபோவதால் அப்படி. இங்கே ஏர் மோட்டார் ஓடும்போதே மேலே வருகிறது என்றால் செவுள் வெந்துபோயிருக்கிறது. ஆனால் புதுத் தண்ணீர்தான் மருந்து என்று நீங்கள் சொல்வது சரி. அக்கா, எந்தத் தண்ணீர் ஊற்றினாய்? போரா, ஒகேனக்கல்லா?

சுமதி: ஒகேனக்கல் குடிநீர்தான். போர் தண்ணீர் பக்கெட்டிலேயே வெள்ளையாகப் படிகிறது, மீனுக்கு ஆகாது என்று நினைத்தேன்.

ரேவதி: நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்றுதானே அந்த ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. குடிக்க அதுதான் நல்லது. ஆனால் அதில் குளோரின் இருக்கும், அது செவுளையும் எரிக்கும், நுண்ணுயிரையும் கொல்லும். இப்போது கடைக்கு ஆள் அனுப்பி ஆன்டி குளோரின் சொட்டு மருந்து வாங்கு. அப்படியே அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் டெஸ்ட் கிட்டும் வாங்கிவிடு. பாதித் தண்ணீரைக் குழாய் வைத்து அடியிலிருந்து உறிஞ்சி எடு. புதுத் தண்ணீரில் மருந்து கலந்து, தொட்டியில் உள்ள சூடே இருக்கிறதா என்று கையால் பார்த்து, மெதுவாக ஊற்று. நாளை முதல் வாய் அகன்ற பக்கெட்டில் ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்த தண்ணீரை ஊற்றினாலும் சரி.

சுமதி: போர் தண்ணீரில் குளோரினே இல்லையே, அதை ஊற்றக் கூடாதா?

ரேவதி: மோலிக்கும் கப்பிக்கும் கடினத் தண்ணீர் பிடிக்கும், பிறகு யோசிக்கலாம். இப்போது வேண்டாம். போர் தண்ணீரில் பிஎச், அதாவது காரத்தன்மை, கூடுதலாக இருந்தால் அதே அம்மோனியா இன்னும் கொடிய விஷமாகும். பிஎச் 7-லிருந்து 8-க்குப் போனாலே விஷமான பங்கு ஏறக்குறைய 10 மடங்கு. திடீரென்று தண்ணீர் மாறுவதும் மீனுக்கு அதிர்ச்சி.

சுமதி: டெஸ்ட் கிட்டில் அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் காட்டுகிறது. தண்ணீர் மாற்றும் முன்பு பார்த்தது.

ரேவதி: பாதி மாற்றினால் 1 ஆகும். அதுவும் அதிகம். ராத்திரி இன்னொரு பாதி மாற்று. 0.25-ஐத் தாண்டினால் அன்றே பாதி மாற்ற வேண்டும், வீட்டு வேலை எவ்வளவு இருந்தாலும் சரி. சில வாரம் இப்படித்தான் போகும் அக்கா.

சுமதி: சித்தி நான் கவின். மீனுக்குப் பசிக்காதா? அம்மா தீனி டப்பாவை எடுத்து வைத்துவிட்டார்.

ரேவதி: பசி தாங்கும் தங்கம், நம்மைப் போல மூன்று வேளை தேவையில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு போடு. தின்றதிலிருந்துதான் அம்மோனியா வரும். குறைவாகப் போடுவதுதான் இப்போது நீ அதற்குச் செய்கிற பெரிய உதவி.

பெரியம்மா (பென்னாகரம்): இத்தனை மீன் எதற்கு? கண்ணாடியில் ஒட்டுமே, அந்தக் கறுப்பு மீனை அணையில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

ரேவதி: பெரியம்மா, அதை மட்டும் செய்யவே கூடாது. அது தென் அமெரிக்க மீன். நம் ஏரி, அணைகளில் விட்டால் பெருகி நாட்டு மீனின் இடத்தைப் பிடிக்கும், கரையில் வளை தோண்டும், முள் துடுப்பு வலையைக் கிழிக்கும். விற்கவும் முடியாது. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் வலை போட்டுப் பிழைப்பவர்களுக்கு நாம் அந்தக் கெடுதலைச் செய்ய வேண்டாம். அடுத்த வாரம் நான் வந்து என் 3 அடி தொட்டிக்கு எடுத்துக்கொள்கிறேன்.

பெரியம்மா: சரி கண்ணு, எனக்குத் தெரியாது. அப்படியே செய்.

முருகேசன்: நாளை தருமபுரிக்கு வருகிறேன் ரேவதி. ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டுமா?

ரேவதி: நல்ல வேளை அண்ணா! என் தொட்டியில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டு இருக்கின்றன, மீன்களுக்கு நோய் எதுவும் இல்லை. ஒன்றைத் தொட்டித் தண்ணீரோடு டப்பாவில் தருகிறேன். காய விடாமல், வெயிலில் வைக்காமல் நேராகக் கிருஷ்ணகிரிக்குக் கொண்டு போங்கள். திரும்பும்போது கோல்டு ஃபிஷ் இரண்டையும் உங்கள் மாந்தோப்புத் தொட்டிக்கு எடுத்துப்போக முடியுமா?

முருகேசன்: அந்த சிமெண்ட் தொட்டி 500 லிட்டர் பிடிக்கும், வேலம்பாசியும் இருக்கிறது. தாராளமாக வரட்டும். கவின் லீவில் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை

சுமதி: அண்ணா வந்துவிட்டுப் போனார். ஸ்பாஞ்ச் கறுப்பாக அழுக்காக இருக்கிறது, கழுவாமலே போட்டுவிட்டேன். சரிதானே?

ரேவதி: அந்த அழுக்கில்தான் உயிர் இருக்கிறது. சரியாகச் செய்தாய். உன் பழைய ஸ்பாஞ்சும் கூடவே ஓடட்டும். பிறகு எப்போதாவது அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு முறை பிழிந்தால் போதும், குழாயடியில் காட்டாதே.

புதன்கிழமை

சுமதி: அம்மோனியா 0.25. நைட்ரைட் 1 காட்டுகிறது. நேற்று வரை இதில் ஒன்றும் இல்லை. மீன்கள் மேலே வருவதில்லை, ஆனால் ஒரு மோலி மூலையில் சும்மா நிற்கிறது.

ரேவதி: முதல் வகை நுண்ணுயிர் வேலை செய்கிறது, இரண்டாவது வகை இன்னும் ஈடுகொடுக்கவில்லை. நைட்ரைட் மீனின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறவிடாது. இன்று பாதித் தண்ணீர் மாற்று. அப்புறம் லிட்டருக்கு 1 கிராம் வீதம் கல் உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்று. உப்பில் இருக்கும் குளோரைடு, நைட்ரைட் செவுளுக்குள் போவதைத் தடுக்கும். இந்த அளவைக் கப்பி, மோலி, கண்ணாடியில் ஒட்டும் மீன் எல்லாமே தாங்கும். அடுத்த முறை தண்ணீர் மாற்றும்போது எடுத்த தண்ணீருக்கு மட்டும் உப்பு சேர், மொத்தத்துக்கும் போட்டுவிடாதே.

சுமதி: நாளை மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணி முதல் கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாதே, என்ன செய்வது?

ரேவதி: ஓட்டம் நின்றால் ஸ்பாஞ்சில் இருப்பவைக்கும் மூச்சு முட்டும். பேட்டரியில் ஓடும் ஏர் மோட்டார் கடையில் கிடைக்கும், இன்றே வாங்கிவிடு. கிடைக்காவிட்டால் அரை மணிக்கு ஒரு தரம் தொட்டித் தண்ணீரையே டம்ளரில் பல முறை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். மூடியைத் திறந்து வை.

சுமதி: சித்தி, நான் கவின். நாளைக்குத் தீனி போடும் நாள். போடலாமா?

ரேவதி: நாளை வேண்டாம் கவின். வெள்ளிக்கிழமை காலையில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பார்த்து எனக்கு அனுப்பு, பிறகு போடு.