கண்ணாடியில் மோதிய பிட்டா: உடனடி உதவி தேவை

இன்று காலை 7.10க்கு, சிங்கப்பூரின் புக்கிட் தீமா காட்டை ஒட்டிய எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கண்ணாடியில் ஒரு பறவை மோதி விழுந்தது. நீலச்சிறகு பிட்டா, தமிழ்நாட்டு ஆறுமணிக் குருவியின் உறவினம். கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை, வயிற்றடியில் சிவப்பு, குட்டை வால். இரவில் பறந்து வலசை வரும் பறவை. எவ்வளவு தூரம் கடந்து வந்து இங்கே விழுந்ததோ!

துளையிட்ட அட்டைப்பெட்டியில் துண்டு விரித்து, இருட்டில் வைத்தேன். எதையும் புகட்டவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் நிற்கிறது, பறக்கவில்லை. இடது சிறகு தொங்குகிறது, ரத்தம் இல்லை. என் விரலை நகங்களால் இறுகப் பற்றுகிறது. மீட்புக் குழுவை நான்கு முறை அழைத்தும் இணைப்பு கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையில் காட்டுப் பறவைகளுக்குச் சிகிச்சை தரும் கால்நடை மருத்துவமனை எது?