ஷார்ப் வேறு, ஹேஷ் வேறு: பாடக் குறிப்புக்காக ஒரு குடும்பக் குழு உரையாடல்

மீனா: சித்தப்பா, இருக்கிறீர்களா? பெரியம்மாவின் பியானோ பாடக் குறிப்பைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். என் கணினியில் நோட் (ஸ்வரக் குறி), ரெஸ்ட் (மௌனக் குறி), க்ளெஃப் (வரியின் தொடக்கக் குறி) எல்லாம் அழகாகத் தெரிகிறது. பெரியம்மா திறந்தால் அந்த இடத்தில் எல்லாம் ஆங்கில எழுத்து நிற்கிறதாம்.

பெரியம்மா: ஆமாம் தம்பி. குவார்ட்டர் நோட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு க்யூ. ஹாஃப் நோட்டுக்கு ஹெச். இதைப் பிள்ளைகளிடம் எப்படிக் கொடுப்பது?

சித்தப்பா: இருக்கிறேன். மீனா, எந்த ஃபாண்ட் போட்டாய்?

மீனா: இலவசமாகக் கிடைத்த ஒரு இசை ஃபாண்ட். க்யூ தட்டினால் குவார்ட்டர், ஹெச் தட்டினால் ஹாஃப். சுலபமாக இருந்தது.

சித்தப்பா: சரி, காரணம் அதுதான். அந்த ஃபாண்ட் க்யூ என்ற எழுத்தின் இடத்தில் நோட்டின் படத்தை வைத்திருக்கிறது. கோப்புக்குள் சேமிக்கப்படுவது க்யூதான். ஃபாண்ட் இல்லாத கணினி வேறென்ன காட்டும்?

சித்தப்பா: அண்ணி, உங்களுக்குப் பாமினி ஃபாண்ட் நினைவிருக்கும். "அம்மா" என்று அடித்த கோப்பைப் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, ஹெச் என்று வருமே. அதே கதைதான் இது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பொது எண் தரும் யூனிகோட் தமிழுக்கு வந்து அந்தத் தொல்லை தீர்ந்த மாதிரி இசைக்குறிகளுக்கும் யூனிகோட் இடம் இருக்கிறது.

பெரியம்மா: நன்றாக நினைவிருக்கிறது. அழைப்பிதழ் அச்சடிக்கக் கொடுக்கும்போது ஃபாண்ட்டையும் சேர்த்துக் கொடுப்போம்.

அருண்: ஆனால் சித்தப்பா, ஷார்ப் (ஸ்வரத்தை அரைப்படி உயர்த்தும் குறி) போனிலேயே இருக்கிறதே. இந்தா: #

பெரியம்மா: அது ஷார்ப் இல்லை அருண்! அது ஹேஷ். பாடக் குறிப்பில் அதைப் போடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

சித்தப்பா: அண்ணி சொல்வது சரி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிப் பார்: # ♯

சித்தப்பா: ஹேஷில் படுக்கைக் கோடுகள் நேராக இருக்கும், நிற்கும் கோடுகள்தான் பெரும்பாலும் சாய்ந்திருக்கும். ஷார்ப்பில் நேர்மாறு. நிற்கும் கோடுகள் செங்குத்து, குறுக்குக் கோடுகள் இரண்டும் வலப்பக்கம் மேலே ஏறும். ஷார்ப் ஸ்டாஃபின் ஐந்து கோடுகளின் மேல் உட்காரும் குறி. அதன் குறுக்குக் கோடும் நேராகவே இருந்தால் ஸ்டாஃப் கோட்டோடு கலந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அருண்: அட, இவ்வளவு நாள் கவனித்ததே இல்லை.

பெரியம்மா: அரைப்படி இறக்கும் ஃபிளாட்டுக்குச் சின்ன பி (b) போடுவதும் அப்படித்தான். பி ஃபிளாட் என்று எழுதினால் இரண்டு பி வந்து நிற்கும். புதிதாகக் கற்கும் பிள்ளை குழம்பும்.

மீனா: சரி சித்தப்பா, உண்மையான குறியை எப்படிக் கொண்டுவருவது? விசைப்பலகையில் இல்லையே.

சித்தப்பா: விண்டோஸில் வேர்ட்தானே? 2669 என்று அடித்து, உடனே ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு எக்ஸ் தட்டு. ♩ வரும். 266 போட்டு ஒட்டினாற்போல் ஆங்கில டி (d) அடித்தால் ஃபிளாட் ♭. இ (e) அடித்தால், ஷார்ப், ஃபிளாட் இரண்டையும் நீக்கும் நேச்சுரல் ♮. எஃப் அடித்தால் ஷார்ப் ♯. லிப்ரே ஆஃபிஸிலும் ஆல்ட்-எக்ஸ் வேலை செய்யும்.

அருண்: என்னுடையது மேக்.

சித்தப்பா: கண்ட்ரோல், கமாண்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்து. குறிகளின் பெட்டி திறக்கும். தேடலில் ஷார்ப் என்று ஆங்கிலத்தில் அடி.

மீனா: சித்தப்பா, தனியாக அடித்தால் வருகிறது. எஃப் ஷார்ப் என்று எழுதப் போனால் எஃப்-ஐயும் விழுங்கிவிட்டு ஒரு கட்டம் காட்டுகிறது.

சித்தப்பா: அங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. யூனிகோட் எண்களை எழுதும் முறையில் ஏ முதல் எஃப் வரை உள்ள எழுத்துகளும் இலக்கங்கள். இசையில் ஸ்வரப் பெயர்களும் அதே எழுத்துகள்! எஃப் அடித்து, ஒட்டியே ஷார்ப்பின் எண்ணையும் அடித்தால் வேர்ட் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகப் படித்துவிடும். ஜி மட்டும்தான் தப்பும். அதனால் அந்த நான்கு இலக்கத்தை மட்டும் மவுஸால் தேர்ந்தெடுத்து, பிறகு ஆல்ட்-எக்ஸ்.

மீனா: வந்துவிட்டது! ஆனால் ஒவ்வொரு முறையும் இப்படியா?

சித்தப்பா: வேண்டாம். ஒருமுறை குறியை வரவழைத்து ஆட்டோகரெக்டில் சேர்த்துவிடு. "ஷா/" என்று அடித்தால் ♯, "ஃபி/" என்று அடித்தால் ♭ என்று அமைத்துக்கொண்டால் போதும். வழக்கமான சொற்களில் வராத சேர்க்கையாகப் பார்த்து வை.

பெரியம்மா: தம்பி, இதெல்லாம் சரி. ஹாஃப் நோட், ரெஸ்ட், க்ளெஃப்? முதல் பாடமே அதுதான்.

சித்தப்பா: அங்கேதான் ஃபாண்ட் வேண்டும் அண்ணி. யூனிகோடின் பழைய குறித் தொகுதியில் இசைக்கு இருப்பது ஏழே ஏழு: ♩ ♪ ♫ ♬ ♭ ♮ ♯. ஹாஃப் நோட்கூட அதில் இல்லை. மற்றவற்றுக்கு 2001-இல் வந்த யூனிகோட் 3.1-இல் தனித் தொகுதி கொடுத்தார்கள். ட்ரெபிள் க்ளெஃப், பேஸ் க்ளெஃப், ரெஸ்ட், டபுள் ஷார்ப், டபுள் ஃபிளாட் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதை வரைந்து வைத்திருக்கும் ஃபாண்ட்கள் குறைவு. நோட்டோ மியூசிக் என்று ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, அதில் இருக்கிறது.

அருண்: மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் லேலண்ட், ப்ராவுரா என்று சில ஃபாண்ட் பெயர் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் வேறா?

சித்தப்பா: நல்ல கேள்வி. முழு இசைத்தாள் அச்சிட ஆயிரக்கணக்கில் குறிகள் வேண்டும், யூனிகோட் தொகுதி அதற்குப் போதாது. முன்பு ஒவ்வொரு மென்பொருளும் தன் ஃபாண்ட்டில் தனக்குத் தோன்றிய இடத்தில் குறியை வைத்துக்கொண்டது. ஒன்றின் ஃபாண்ட் இன்னொன்றில் ஒத்துவராது. 2013-இல் ஸ்டைன்பெர்க் நிறுவனத்தில் டேனியல் ஸ்ப்ரெட்பரி ஸ்மூஃபிள் என்ற பொது ஒழுங்கைத் தொடங்கினார். எந்தக் குறி எந்த எண்ணில் என்று அது வரையறுத்துவிட்டது. அதற்கு முன்மாதிரியாக வந்த ஃபாண்ட்தான் ப்ராவுரா. இலவசம். திறந்த உரிமம். இசை எழுதும் எல்லோருக்கும் இது பெரிய கொடை என்றே சொல்வேன்.

மீனா: அப்போது ப்ராவுராவை இறக்கிக்கொள்கிறேன்.

சித்தப்பா: கொஞ்சம் பொறு. இரண்டு இருக்கும். வெறும் ப்ராவுரா இசை மென்பொருளுக்கு. வேர்ட் மாதிரி உரைக்குள் போட ப்ராவுரா டெக்ஸ்ட் என்று தனியாக இருக்கிறது. முதலாவதை வரிக்குள் போட்டால் அந்த வரி மட்டும் பெரிய இடைவெளி விட்டு நகர்ந்துவிடும். டெக்ஸ்ட்டைப் போட்டும் வரி கொஞ்சம் விலகினால் பத்தியின் வரி இடைவெளியை "எக்ஸாக்ட்லி" என்று மாற்றி, எழுத்தின் அளவைவிடச் சற்றுக் கூடுதலாக ஓர் எண் கொடு.

மீனா: சரி. ♩ மட்டும் பழைய முறையில் அடித்துவிட்டு, ஹாஃப் நோட்டை இதில் எடுத்தால் போதுமா?

சித்தப்பா: அது மட்டும் வேண்டாம். இரண்டும் வெவ்வேறு கை வரைந்தவை. ஒன்றின் தலை பருமனாக இருக்கும், மற்றதன் காம்பு குட்டையாக இருக்கும். நோட்களை ஒப்பிட்டுக் காட்டும் அட்டவணையில் அது பளிச்சென்று தெரியும், ஹாஃப் நோட்தான் சின்னது போலிருக்கிறது என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். ஒரே அட்டவணைக்கு ஒரே ஃபாண்ட். இன்செர்ட், சிம்பல் என்று போய் ப்ராவுரா டெக்ஸ்ட்டைத் தேர்ந்தெடு. மெட்ரோனோம் குறிகளுக்கென்றே, அதாவது வேகம் காட்டும் குறிகளுக்கென்றே, அதில் ஒரு பகுதி உண்டு. "♩ = 60" என்று வேகம் எழுத அங்கிருந்து எடுத்தால் எண்ணோடு சரியாக நிற்கும்.

பெரியம்மா: என் கணினியில் இந்த ஃபாண்ட் இல்லையே. மறுபடியும் கட்டமாகத்தானே வரும்?

சித்தப்பா: வரும். ப்ராவுராவின் குறிகள் யூனிகோடில் தனிப் பயனுக்கு என்று விட்ட இடத்தில் இருக்கின்றன. ஃபாண்ட் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. அதனால் படிக்கக் கொடுப்பதைப் பிடிஎஃப் ஆக்கிக் கொடு மீனா, ஃபாண்ட் உள்ளேயே போய்விடும். அண்ணி திருத்த வேண்டிய கோப்பு என்றால் வேர்டின் ஆப்ஷன்ஸில் சேவ் பகுதிக்குப் போய், ஃபாண்ட்டைக் கோப்புக்குள் பொதிக்கும் பெட்டியில் டிக் போட்டுப் பார், ஆனால் எல்லா ஃபாண்ட்டும் அப்படிப் பொதியாது. அதைவிட அண்ணியின் கணினியிலும் ஃபாண்ட்டை நிறுவிவிடுவது நல்லது.

பெரியம்மா: இன்னொன்று. என்னிடம் பார்வையில்லாத மாணவி ஒருத்தி இருக்கிறாள். திரை படிக்கும் மென்பொருளை வைத்துத்தான் என் குறிப்பைக் கேட்கிறாள்.

சித்தப்பா: நல்லவேளை சொன்னீர்கள். அந்தப் பழைய ஃபாண்ட் கோப்பை அவளுக்கு அனுப்பவே கூடாது, மென்பொருள் அதைக் க்யூ என்றே வாசிக்கும். ப்ராவுரா குறிகளும் உதவாது. ♯ ♭ இரண்டுக்கும் யூனிகோடில் பெயர் இருந்தாலும் சில மென்பொருள் சொல்லாமல் தாண்டிவிடும். அவள் பிரதியில் "எஃப் ஷார்ப்", "ஹாஃப் நோட்" என்று சொல்லாகவே எழுதுங்கள்.

மீனா: அந்தப் பிரதியைத் தனியாக நான் செய்கிறேன் பெரியம்மா. முதலில் அதையே முடிக்கிறேன்.

பெரியம்மா: நல்லது கண்ணு.

அருண்: கடைசியாக ஒன்று. நான்கு பார் (தாளக் கட்டம்) நீள மெலடி ஒன்றையும் பாடத்தில் வைக்க வேண்டுமாம். அதையும் இந்த ஃபாண்ட்டில் அடித்துவிடலாமா?

சித்தப்பா: முடியும், ஆனால் வேண்டாம். வரிக்குள் வரும் ஒற்றைக் குறிக்குத்தான் ஃபாண்ட். ஸ்டாஃப், பார் கோடு, நோட்களை இணைக்கும் பீம் என்று வந்துவிட்டால் மியூஸ்ஸ்கோரில் எழுதிப் படமாக எடுத்து ஒட்டு. எஸ்விஜி வடிவில் எடுத்தால் பெரிதாக்கினாலும் கோடு மங்காது.

அருண்: மெலடியை நான் எழுதி அனுப்புகிறேன் மீனா. எந்தக் கீ?

பெரியம்மா: ஜி மேஜர். ஒரே ஒரு ஷார்ப். ட்ரெபிள் க்ளெஃபில் அதை மேல் கோட்டில் போடு.