இலவசச் சேனல்களைத் தேடினால் சில மட்டும் ஏன் பூட்டியிருக்கின்றன?

கேள்வி:
வணக்கம். மாதச் சந்தா எதுவும் கட்டாமல், ஒரு டிஷ்ஷும் சாதாரண ரிசீவரும் கொண்டு தொலைக்காட்சி பார்க்க விரும்புகிறேன். தேடும்போது சேனல்களின் பெயர்கள் வரிசையாக வந்துவிடுகின்றன. ஆனால் சிலவற்றைத் திறந்தால் படத்துக்குப் பதிலாக, சேனல் பூட்டப்பட்டிருக்கிறது என்ற அறிவிப்பே வருகிறது. மக்கள் பணத்தில் இயங்கும் பொது ஒளிபரப்பு நிறுவனங்களின் சேனல்களும் அவற்றில் இருப்பதுதான் எனக்குப் புரியவில்லை. பெரிய டிஷ் வைத்தால் இது சரியாகுமா?

பதில் 1:
டிஷ்ஷை மாற்றிப் பயனில்லை. பூட்டு அறிவிப்பு வருகிறதென்றால் சிக்னல் உங்கள் ரிசீவரை வந்தடைந்துவிட்டது என்றே பொருள். ஒரே டிரான்ஸ்பாண்டரில் (செயற்கைக்கோளில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) திறந்த சேனலும் பூட்டிய சேனலும் சேர்ந்தே வரலாம்.

பொது நிறுவனங்கள் பூட்டுவதற்குப் பெரும்பாலும் உரிமை ஒப்பந்தங்களே காரணம். விளையாட்டுப் போட்டிகளையும் திரைப்படங்களையும் ஒரு நாட்டுக்கு மட்டும் என்று விலைபேசி வாங்குகிறார்கள். செயற்கைக்கோளின் கற்றையோ எல்லைக்கோடு பார்த்து நிற்பதில்லை. ஆஸ்திரியாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஓ.ஆர்.எஃப்., ஆஸ்ட்ரா செயற்கைக்கோள்கள் நிற்கும் 19.2 டிகிரி கிழக்கு இடத்திலிருந்து வரும் தன் முதன்மைச் சேனல்களைப் பூட்டி, உள்நாட்டு மக்களுக்கு மட்டும் அவற்றைத் திறந்துவிடுவது இதனால்தான். அதே இடத்திலிருந்து ஜெர்மனியின் பொது நிறுவனங்களான ஏ.ஆர்.டி., இசட்.டி.எஃப். ஆகியவற்றின் சேனல்கள் பூட்டில்லாமல் வருகின்றன. பி.பி.சி. 2003இல் வேறு வழி கண்டது: பிரிட்டனை மையமாகக் கொண்ட குறுகிய கற்றையுடைய ஆஸ்ட்ரா 2டி செயற்கைக்கோளுக்குத் தன் சேனல்களை மாற்றிக்கொண்டு, பூட்டை எடுத்துவிட்டது.

பதில் 2:
மேலே சொன்ன விளக்கம் சரியே; ஆனால் அதை நியாயம் என்று ஏற்க என்னால் முடியவில்லை. பூட்டைத் திறக்க ரிசீவரில் செருகும் கார்டை இலவசமாகக் கொடுத்தாலும், அதற்குப் பெயரும் முகவரியும் பதிய வேண்டும், குறிப்பிட்ட வகை ரிசீவரையே வாங்க வேண்டும் என்றால், நிலையான முகவரி இல்லாதவரும் புதிதாகக் குடிவந்தவரும் முதலிலேயே வெளியே நிற்கிறார்கள். வெள்ள எச்சரிக்கையும் தேர்தல் செய்தியும் யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களில் பலர் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள்.

35,786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் ஒளிபரப்பைப் பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் அனுப்பும் செலவு ஒன்றுதான். அந்தச் செலவைப் பார்ப்பவரிடம் மாதாமாதம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. 2004இல் தொடங்கி இன்று டிடி ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் இயங்கும் தூர்தர்ஷன் சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது; தனியார் சேனல்கள் அதில் இடம்பிடிக்க ஏலத்தில் பணம் கட்டுகின்றன. ஆகவே, போட்டி உரிமைக்காகச் சில மணி நேரம் பூட்டுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். செய்தியையும் கல்வி நிகழ்ச்சிகளையும் சேர்த்து நாள் முழுவதும் பூட்டுவதற்கு எந்தக் காரணமும் போதாது.

பதில் 3:
கேள்வி கேட்ட நண்பருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. பூட்டு அறிவிப்பு வேறு, சிக்னல் இல்லை என்ற அறிவிப்பு வேறு. இரண்டையும் பிரித்துப் பாருங்கள். ரிசீவர் 13 வோல்ட் கொடுத்தால் எல்.என்.பி. (டிஷ்ஷின் முன்னால் இருக்கும் சிக்னல் வாங்கும் கருவி) செங்குத்து அலைகளையும், 18 வோல்ட் கொடுத்தால் கிடைமட்ட அலைகளையும் எடுக்கும். கிடைமட்டச் சேனல்கள் மட்டும் மொத்தமாக வரவில்லையென்றால், கேபிளிலோ இணைப்பு முனையிலோ வோல்ட் குறைந்து, எல்.என்.பி. செங்குத்திலேயே நின்றுவிட்டிருக்கலாம். முனையைக் கழற்றிப் பார்த்து, செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதிய முனை பொருத்துங்கள். மழைநீர் இறங்கிய கேபிளாக இருந்தால் முழுவதையும் மாற்றிவிடுவதே நல்லது.