போர்டு இயக்குநராக நியமனம் பெறுவது எப்படி? நிறுவனம், தொண்டு அமைப்பு இரண்டுக்கும்

நிலவன்:

எல்லோருக்கும் வணக்கம். நிர்வாகப் பொறுப்பில்லாத இயக்குநராக ஒரு நிறுவனத்தின் போர்டில், அதாவது இயக்குநர் குழுவில், சேர விரும்புகிறேன். பின்புலம் நிதி, உள்தணிக்கை. முழுநேர வேலையும் தொடர்கிறது. உயர் பதவிகளுக்கு ஆள் தேடித் தரும் தேடல் நிறுவனங்களுக்கு பயோடேட்டா அனுப்பி வைத்திருக்கிறேன், லிங்க்ட்இன்னிலும் போட்டிருக்கிறேன். இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்? முதலில் தொண்டு அமைப்பில் சேருங்கள், அங்கிருந்து கம்பெனிக்குப் போகலாம் என்று பலர் சொல்கிறார்கள். அது சரியான பாதைதானா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் நல்லது.

வரவுசெலவு:

நிலவன் சார், பயோடேட்டா அனுப்புவதை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். இன்ன நாற்காலி காலியாகப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் போர்டு ஆள் தேடத் தொடங்கும். அது எந்த நாற்காலி, எப்போது காலியாகும் என்பதை வெளியிலிருந்தே கணக்குப் போட முடியும். பெரும்பாலோர் இந்த வேலையைச் செய்வதில்லை.

பதினைந்து இருபது நிறுவனங்களுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். பெரிய பெயர்களை விட்டுவிட்டு, உங்களுக்குத் தொழில் புரிந்த நடுத்தர நிறுவனங்களாக எடுங்கள். ஒவ்வொன்றின் ஆண்டறிக்கையிலும் இயக்குநர்கள் பற்றிய பக்கத்தைப் பாருங்கள். யார் எந்த ஆண்டு சேர்ந்தார், எந்தெந்தக் குழுவில் இருக்கிறார், எந்தத் துறைக்காரர், பதவிக்காலம் எப்போது முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பதவிக்காலத்துக்குப் பல நாடுகளில் வரம்பு உண்டு. பிரிட்டனின் நிறுவன ஆளுகை நெறித்தொகுப்புப்படி ஒன்பது ஆண்டுக்கு மேல் இருப்பவரின் சுயேச்சைத்தன்மை, அதாவது கம்பெனியோடும் நிர்வாகத்தோடும் சொந்தத் தொடர்பு இல்லாத நிலை, கேள்விக்குரியதாகிவிடுகிறது. இந்தியாவில் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி சுயேச்சை இயக்குநர் தொடர்ந்து இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் அதிகபட்சம் ஐந்து ஆண்டு இருக்கலாம். அதற்குப் பிறகு மூன்று ஆண்டு இடைவெளி கட்டாயம். அமெரிக்காவில் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் ஆண்டுக்கூட்டத்துக்கு முன் வெளியிடும் பிராக்ஸி ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொரு இயக்குநர் பற்றியும் விவரம் இருக்கும். யாருக்கு எந்தத் திறமை என்று காட்டும் அட்டவணையையும் பல நிறுவனங்கள் அதில் சேர்க்கின்றன. கட்டணமில்லாமல் இணையத்தில் படிக்கலாம்.

ஒரு நிறுவனத்தின் தணிக்கைக் குழுவில் மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். தலைவர் மட்டும் கணக்கு தெரிந்தவர், அவருக்கு இது எட்டாவது ஆண்டு. மற்ற இருவரில் ஒருவர் சட்டம், இன்னொருவர் விற்பனை. அந்த நிறுவனம் இன்னும் ஓராண்டுக்குள் நிதி தெரிந்த ஒருவரைத் தேடியே ஆக வேண்டும். புதிய இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கும் நியமனக் குழு வழக்கமாக ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு முன்பே பெயர்களைப் பேசத் தொடங்கிவிடும். உங்கள் பெயர் அவர்கள் காதில் விழ வேண்டிய நேரம் அது. அறிவிப்பு வந்த பிறகு அனுப்பும் கடிதம் வீண்.

தலைமை நிர்வாகிக்கு நேராக மெயில் போடாதீர்கள். போர்டுத் தலைவரோடும் நியமனக் குழுவோடும் பேசிப் பழகியவர்கள் தணிக்கை நிறுவனப் பங்குதாரர்கள், கம்பெனி வழக்கறிஞர்கள், வங்கியாளர்கள், முதலீட்டாளர்கள், கம்பெனி செயலர்கள். அவர்களிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்: "கையிருப்புச் சரக்கும் வங்கிக் கடனும் அதிகமுள்ள உற்பத்தி நிறுவனத்தின் தணிக்கைக் குழுவில் பயன்படுவேன்." எந்த போர்டாக இருந்தாலும் சரி என்று சொன்னவரை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

தேடல் நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பது கம்பெனி. அவர்கள் கம்பெனிக்கு ஆள் தேடுவார்கள், உங்களுக்கு இடம் தேட மாட்டார்கள். இயக்குநர் பதவி நிச்சயம் என்று சொல்லி உங்களிடம் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

கயல்:

வரவுசெலவு சொன்னதோடு பயோடேட்டா பற்றியும் கொஞ்சம். வேலைக்கு எழுதியதை அப்படியே அனுப்பினால் முதல் பக்கத்திலேயே ஒதுக்கிவிடுவார்கள். போர்டுக்கு எழுதுவது இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாது. மேலே நான்கு வரியில் எந்த வகை நிறுவனத்தில், எந்தக் குழுவில், எந்தப் பிரச்சினை பேசப்படும்போது நீங்கள் உதவுவீர்கள் என்று எழுதுங்கள். அடுத்து ஆளுகை அனுபவம்: துணை நிறுவன போர்டு, ஓய்வூதிய நிதியின் அறங்காவலர் பொறுப்பு, உங்கள் கம்பெனியின் தணிக்கைக் குழுவுக்கு நேரடியாக அறிக்கை வைத்தது. உள்தணிக்கைக்காரர்கள் கடைசியாகச் சொன்னதை எழுத மறந்துவிடுகிறார்கள். மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து போர்டைப் பார்த்த அனுபவம் அது, முன்னால் வைக்க வேண்டியது. பதவிப் பட்டியல் அதற்கும் கீழே, ஒவ்வொன்றும் இரண்டு வரி போதும். வருவாய், ஆட்கள் எண்ணிக்கை, நாடுகள் என்று அளவு தெரிய வேண்டும். அன்றாடக் கடமைகளை எழுத வேண்டாம்.

அமெரிக்காவில் 2002ஆம் ஆண்டு வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டத்துக்குப் பிறகு, தணிக்கைக் குழுவில் நிதி நிபுணர் ஒருவராவது இருக்கிறாரா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிதிப் பின்புலம் உள்ளவர்களுக்கு இந்தக் கதவு எப்போதும் பாதி திறந்தே இருக்கும். ஆனால் கணக்கு மட்டும் பேசுபவரை போர்டு விரும்பாது. வியாபாரம் எங்கே பணம் பண்ணுகிறது, எங்கே இழக்கிறது என்று பேசத் தெரிய வேண்டும்.

நேர்காணலில் பலர் விழுவது ஒரே இடத்தில்தான். "இந்த நிறுவனத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டதும், கொள்முதலை மாற்றுவேன், புதிய மென்பொருள் கொண்டுவருவேன் என்று தொடங்கிவிடுகிறார்கள். அது நிர்வாகத்தின் வேலை. இயக்குநர் கேள்வி கேட்பவர், ஒப்புதல் தருபவர், தேவைப்பட்டால் தலைமை நிர்வாகியை மாற்ற முடிவெடுப்பவர். பெரும்பான்மைக்கு எதிராக நின்ற ஒரு தருணத்தை எப்படிக் கையாண்டீர்கள் என்று பெரும்பாலும் கேட்பார்கள். பணிந்துபோகும் ஆளா, முட்டிக்கொள்ளும் ஆளா, எதிர்ப்பைப் பதிவுசெய்துவிட்டுக் கூடி வேலை செய்யத் தெரிந்த ஆளா என்று பார்க்கிற கேள்வி அது. நீங்கள் திருப்பிக் கேட்க ஒரு நல்ல கேள்வி: "கடந்த ஆண்டு போர்டு நிராகரித்த நிர்வாகத் திட்டம் ஏதாவது உண்டா?" எதுவுமே இல்லை என்று பதில் வந்தால், அந்த போர்டில் கேள்வி கேட்க இடம் இருக்குமா என்று யோசியுங்கள்.

மாலைமுகில்:

தொண்டு அமைப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கம்பெனிக்கு ஏணியாக மட்டும் நினைத்து வராதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த எண்ணம் இரண்டாவது கூட்டத்திலேயே மற்றவர்களுக்குப் புரிந்துவிடும், அமைப்புக்கும் நஷ்டம். அதன் நோக்கத்தில் உண்மையான அக்கறை இருந்தால் மட்டும் வாருங்கள்.

நிதி தெரிந்தவருக்கு இங்கே நுழைவது ஒப்பீட்டளவில் எளிது, ஏனென்றால் பொருளாளர் பதவிக்கு ஆள் கிடைப்பது எப்போதும் கஷ்டம். நேராக போர்டைக் கேட்பதைவிட, நிதிக் குழுவிலோ தணிக்கைக் குழுவிலோ வெளி உறுப்பினராக ஓராண்டு இருக்கலாமா என்று கேளுங்கள். பல அமைப்புகளின் விதிகள் அதற்கு இடம் தருகின்றன. அவர்கள் உங்களையும், நீங்கள் அவர்கள் கணக்கையும் பார்த்துக்கொள்ளலாம்.

அமைப்பைப் பற்றி வெளியிலிருந்தே நிறையத் தெரிந்துகொள்ளலாம். அமெரிக்காவில் வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் தாக்கல் செய்யும் படிவம் 990 பொதுவில் கிடைக்கும். இயக்குநர்கள் பெயர், அவர்கள் பெற்ற ஊதியம் எல்லாம் அதில் இருக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அறக்கட்டளை ஆணையத்தின் பதிவேட்டில் அறங்காவலர்கள் பெயரும் வரவு செலவும் பார்க்கலாம். அங்கே அறங்காவலர்களுக்குப் பொதுவாகச் சம்பளம் கிடையாது.

சேரும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இயக்குநர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இவ்வளவு நன்கொடை தர வேண்டும் அல்லது திரட்டித் தர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு உண்டா? சம்பளம், வரிப்பிடித்தம் எல்லாம் நிலுவையில்லாமல் கட்டப்பட்டிருக்கிறதா? கையில் இருக்கும் கட்டுப்பாடற்ற நிதி எத்தனை மாதச் செலவுக்குக் காணும்? மூன்றாவது கேள்வியில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். வங்கியில் பெரிய தொகை தெரியும், ஆனால் அது முழுக்க ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்கென்று நன்கொடையாளர் கொடுத்த பணமாக இருக்கும். வாடகைக்கோ சம்பளத்துக்கோ அதைத் தொட முடியாது.

அமைப்பின் சட்ட வடிவத்தையும் பாருங்கள். தனிச் சட்ட ஆளுமை இல்லாத, அதாவது தன் பெயரிலேயே ஒப்பந்தம் போட முடியாத, சங்கமோ டிரஸ்டோ என்றால், சில நாடுகளில் ஒப்பந்தங்கள் அறங்காவலர்களின் பெயரிலேயே போடப்படும். கடன் வந்தால் உங்கள் வாசலுக்கு வரும்.

நிலவன்:

மூவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். இப்போதைய வேலையில் எப்போது அனுமதி கேட்க வேண்டும்? தெரிந்தவர் ஒருவர் தொடங்கும் கம்பெனியில் "பேருக்கு டைரக்டராக இருங்கள், கையெழுத்து மட்டும் போதும்" என்கிறார். அனுபவத்துக்காக ஒப்புக்கொள்ளலாமா?

வரவுசெலவு:

வேண்டாம் சார். பேருக்கு டைரக்டர் என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. உங்களுக்குத் தெரியாமல் கட்டாமல் விட்ட வரிக்கும், திரும்பிப்போன காசோலைக்கும் நோட்டீஸ் உங்களுக்கும் வரும். எனக்குத் தெரியாது என்று சொல்வது, கவனிக்க வேண்டிய கடமையைச் செய்யவில்லை என்று நீங்களே ஒப்புக்கொள்வதாகிவிடும். ஆண்டறிக்கை தாக்கல் செய்யாத கம்பெனியில் பெயர் இருந்தால் மற்ற போர்டுகளுக்கும் தகுதி இழக்க நேரிடலாம். இந்தியாவில் தொடர்ந்து மூன்று நிதியாண்டு தாக்கல் செய்யாவிட்டால் அந்த நிலைதான்.

அனுமதியை இப்போதே கேளுங்கள், இடம் வந்த பிறகு வேண்டாம். எந்த வகை நிறுவனங்கள் கூடாது என்பதையும் சேர்த்து எழுத்தில் வாங்குங்கள். போட்டியாளர், வாடிக்கையாளர், சப்ளையர் மூன்றுமே சிக்கல். சுயேச்சை இயக்குநர் என்றால் பழைய பணத் தொடர்பும் பார்க்கப்படும். நியூயார்க் பங்குச்சந்தை விதிப்படி, கடந்த மூன்று ஆண்டில் அந்தக் கம்பெனியில் ஊழியராக இருந்தவரும், அந்த மூன்று ஆண்டில் ஏதாவது பன்னிரண்டு மாதத்தில் இயக்குநர் கட்டணம் தவிர 1,20,000 டாலருக்கு மேல் நேரடி ஊதியம் பெற்றவரும் சுயேச்சையானவர் ஆக முடியாது. இந்தியாவில் சுயேச்சை இயக்குநர்களுக்கான தரவுத்தளத்தில் பெயர் பதிய வேண்டும். அனுபவத்தால் விலக்கு இல்லாதவர்கள் இரண்டு ஆண்டுக்குள் இணையத் தேர்வில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். பெயர் பதிந்தால் அழைப்பு வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

கயல்:

நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஆண்டுக்கு நான்கு முதல் எட்டு கூட்டம் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் சில நூறு பக்க ஆவணம் வரும், ஒழுங்காகப் படிக்க ஒரு முழு நாளாவது ஆகும். தணிக்கைக் குழுவில் இருந்தால் அதற்குத் தனிக் கூட்டம், காலாண்டு முடிவு வரும் வாரம் வேறு எதற்கும் ஒதுக்க முடியாது. கம்பெனி விற்பனைக்கு வந்தாலோ தலைமை நிர்வாகி திடீரென விலகினாலோ வாரத்துக்கு மூன்று கூட்டம்கூட நடக்கும்.

ஒப்புக்கொள்ளும் முன் கேட்க வேண்டியவை: மூன்று ஆண்டு தணிக்கையான கணக்கு, ஓராண்டு போர்டு மினிட்ஸ் (கூட்டக் குறிப்புகள்), நிலுவை வழக்குகள், குடும்பத்தாரோடும் உறவு நிறுவனங்களோடும் நடந்த கொடுக்கல் வாங்கல், கடன் ஒப்பந்த நிபந்தனைகள். தணிக்கையாளர் இடையில் விலகியிருந்தால் காரணத்தை அவரிடமே கேளுங்கள். கடைசியாக வெளியேறிய இயக்குநரிடமும் பேசிவிடுங்கள். மினிட்ஸ் தர மறுத்தால் ரகசிய ஒப்பந்தம் போட்டுக்கொண்டு தரச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் விலகிவிடுங்கள்.

இயக்குநர் மேல் வழக்கு வந்தால் செலவை ஏற்கும் இயக்குநர் பொறுப்புக் காப்பீடு இருக்கிறது என்ற வாய்வார்த்தை போதாது, பாலிசியை வாங்கிப் படியுங்கள். இந்த வகைப் பாலிசி, வழக்கு தொடுக்கப்படும் நாளில் நடப்பில் இருந்தால்தான் பணம் தரும். நீங்கள் விலகிய பிறகு கம்பெனி பிரீமியத்தை நிறுத்திவிட்டால், உங்கள் காலத்து முடிவுக்காக வரும் வழக்கில் பாதுகாப்பு இருக்காது. அதனால் விலகிய பின்னும் ஆறு ஆண்டு பாதுகாப்பைத் தொடர வேண்டும் என்ற வரி, நியமனக் கடிதத்திலோ உங்களுக்கு வரும் இழப்பைக் கம்பெனி ஈடுசெய்யும் என்ற தனி இழப்பீட்டு ஒப்பந்தத்திலோ இருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்துப் போடும் முன் கேட்டால் பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள்.