மறுபடி வரச் சொன்னால் மறுபடி போய்விடுங்கள்

அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

பிறந்த குழந்தைகளுக்குச் செவித்திறன் பரிசோதனை செய்யும் கருவி ஒன்றைச் சங்கத்தின் சார்பில் வாங்கிக் கொடுக்கலாம் என்று போன வாரம் ஒரு தம்பி எழுதியிருந்தார். நல்ல யோசனைதான், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் கருவி வாங்கியதும் வேலை முடிந்துவிடாது, அப்புறம்தான் தொடங்கும். என் மகள் விஷயத்தில் பட்டுத் தெரிந்துகொண்டதால் சொல்கிறேன்.

அவள் பிறந்த இரண்டாம் நாள். பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். சின்ன ரப்பர் முனை ஒன்றைக் காதில் செருகி மெல்லிய ஒலியை அனுப்பினார்கள். உள்காது நன்றாக இருந்தால் அது பதிலுக்கு மிக மெலிதாக ஓர் ஒலியைத் திருப்பி அனுப்பும். அந்த முனையில் இருக்கும் மைக் அதைப் பிடித்துக்கொள்ளும். ஓஏஇ என்பார்கள். சில நிமிடங்களில் முடிந்தது, அவள் விழிக்கக்கூட இல்லை. "ரெண்டு காதிலும் சரியா வரல. பிறந்தப்போ உள்ள ஈரம் காதில் நின்னிருக்கலாம். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றார்கள்.

நாங்கள் போகவில்லை. இப்படி வரச் சொல்கிற குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் காதில் ஒன்றும் இருக்காது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டோம். அது பொய்யும் இல்லை. நிரந்தரமான கேட்கும் குறையோடு பிறப்பது 1,000 குழந்தைகளில் 1 முதல் 3 வரைதான். அந்த ஒன்று நம் வீட்டில் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? தொட்டிலுக்குப் பின்னால் நின்று கை தட்டினேன், திரும்பினாள். போதாதா! தட்டும்போது காற்று அசையும், நிழல் ஆடும், எதிரே நிற்பவர் கண் அந்தப் பக்கம் போகும், குழந்தை அதற்கும் திரும்பும் என்பது அன்றைக்குப் புத்தியில் உறைக்கவில்லை. 'ங்கா' என்று கொஞ்சவும் செய்தாள். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் அப்படிக் குரல் கொடுக்கும். "நீயும் லேட்டாத்தான் பேசினே" என்றார் அம்மா. அவளுக்குக் காது கேட்கவில்லை என்று 14 மாதத்தில்தான் தெரிந்தது.

1 மாதத்துக்குள் முதல் பரிசோதனை, 3 மாதத்துக்குள் முழுப் பரிசோதனை, குறை இருந்தால் 6 மாதத்துக்குள் உதவி தொடங்க வேண்டும். ஆடியாலஜிஸ்டுகள், அதாவது செவித்திறனைச் சோதிக்கும் நிபுணர்கள், சொல்லும் கணக்கு இது. மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் காலம் நமக்காகக் காத்திருக்காது.

அதனால் தம்பி, கருவியோடு ஓர் ஆளும் வேண்டும். மறுபடி வரச் சொன்ன குழந்தைகளின் பெயரை எழுதி வைத்து, வராத வீட்டுக்குப் போன் போட்டு, "ஏன் வரல?" என்று கேட்கிற ஆள். இன்னொன்று: பிறந்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்கு ஓஏஇ மட்டும் போதாது. உள்காது பதில் தந்தாலும் நரம்பில் கோளாறு இருக்கலாம். நெற்றியில் மின்முனை ஒட்டி மூளைக்குச் சேதி போகிறதா என்று பார்க்கும் ஏபிஆர் வேண்டும். எல்லாம் தேறிய குழந்தைக்கும் மூளைக்காய்ச்சல் மாதிரி ஏதாவது வந்தால் திரும்பச் சோதிக்க வேண்டும்.

அடுத்தது வீட்டு வேலை. ஹியரிங் எய்ட் மாட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். முதல் வாரம் முழுக்க அவள் பிடுங்கி வாயில் வைப்பாள், நான் பாய்ந்து பறிப்பேன். பேட்டரியை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, பூட்டு வைத்த மூடி கேட்டு வாங்குங்கள். காது வளர வளர, கருவியைக் காதில் பொருத்தும் அச்சு, அதாவது மோல்டு, தளர்ந்துபோகும், தூக்கினாலே விசில் அடிக்கும். கருவி கெட்டுவிட்டது என்று பயந்தேன். புது மோல்டு போட்டால் சரியாகிவிட்டது.

சைகை மொழி கற்றால் பேச்சு வராது என்று பலர் தடுத்தார்கள். நானும் கொஞ்ச நாள் நம்பினேன். எனக்கு ஆகக் கோபம் வருவது இதில்தான். அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவியை வைப்பதோ வைக்காததோ வேறு முடிவு. அதுவரை பிள்ளை எந்த மொழியும் இல்லாமல் இருக்க வேண்டுமா? காது கேளாத குழந்தைகளில் 10-க்கு 9 பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். நமக்கே தெரியாத மொழியை நாம்தான் கற்றுக்கொண்டு வர வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் காது கேளாத ஒரு பெண்மணி. 'பால்', 'இன்னும்', 'வேண்டாம்' மூன்றும் முதல் நாளே. 'இன்னும்' என்று மகள் விரல்களைக் குவித்துத் தட்டிக் காட்டிய அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக என்னிடம் ஒன்று வேண்டும் என்று கேட்டாள்.

சங்கம் ஏதாவது குழு போட்டால் காது கேளாதவர்கள் இரண்டு பேரையாவது அதில் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடையில் சால்வை போர்த்துவதற்கு அல்ல, முடிவெடுப்பதற்கு. 'ஊமை' என்ற சொல்லை நம் மடல்களில் இனிமேல் பார்க்கக் கூடாது. அவர்கள் குரலுக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த இணையக் கூட்டத்துக்குக் கேப்ஷன், அதாவது பேசுவதைத் திரையில் எழுத்தாகக் காட்டும் வசதி, போடுங்கள். வயதாகிக் காது மந்தமான நம் பெரியவர்களுக்கும் அது உதவும். ஒருவர் முடித்தபின் மற்றவர் பேசுங்கள், கத்த வேண்டாம். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதீர்கள், முகம் இருட்டாகி வாயசைவு தெரிவதில்லை.